அந்தச் சத்தம் இன்னும் நிக்கல

இல்ல தம்பி, சிலிண்டர்ல கேஸ் இருக்கு. ரெண்டுமே ஃபுல்லு. ஹீட்டர்காரங்க எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்குறீங்க. வால்வையும் மெதுவாத்தான் திறந்தேன். படக்குன்னு திறந்தா உள்ள பூட்டிக்கும், அப்புறம் கேஸ் சொட்டுச் சொட்டாத்தான் வரும். அதெல்லாம் தெரியும் எனக்கு. நீ உள்ள வா முதல்ல. ஷூவெல்லாம் கழட்ட வேணாம். பனி ஒட்டியிருந்தா என்ன, துடைச்சுக்கலாம். கதவை மட்டும் நல்லா இழுத்துச் சாத்து. இருக்கற கொஞ்ச நஞ்ச சூடும் ஓடிப் போயிடும்.

உன் வேனை எங்க விட்டிருக்க? நம்ம வாசல்லயேவா? ஐயய்யோ, அது வேணாம்ப்பா. கோவிச்சுக்காம இன்னொரு தடவை போயி, அந்தத் துணி துவைக்கற கொட்டகை இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி விட்டுட்டு வந்துடு. வேன் மேல பெருசா ஹீட்டர் படம் போட்டு வச்சிருக்க, ஊருக்கே தெரியும்.

வந்துட்டியா? உக்காரு. இல்ல, உக்காராத, வேலையைப் பாரு, உக்காரறதுக்கு நேரமில்ல. காபி ஊத்தித் தரேன், குடிச்சுக்கிட்டே பாரு. ஹீட்டர் அந்தப் படுக்கைக்குக் கீழ, பலகையைத் தூக்குனா இருக்கும். விஷயம் என்னன்னா, எங்க வீட்டுக்காரரு வர்றதுக்குள்ள முடிச்சாகணும். பக்கத்து ட்ரெய்லர் ட்வைட் அவரை ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். கறிக்குழம்புல இனிப்பு பன்னை முக்கி முக்கித் தின்னு, கோதுமை விலையைப் பத்திப் பேசி, ரெண்டு காபி குடிச்சு வரணும். ட்வைட்கிட்ட சொல்லியிருக்கேன், எவ்வளவு இழுக்க முடியுமோ இழுடான்னு. அவன் வாய் சும்மாவே நிக்காது, இழுப்பான்.

ஏன்னா கேக்குற? அவரும் ஹீட்டர்காரருதான்ப்பா. சாதாரண ஆள் இல்ல. ஆரின்னு சொன்னா மொன்டானாவுலேருந்து அரிசோனா வரைக்கும் எங்கள மாதிரி வண்டியையே வீடா வச்சிருக்கறவங்க அத்தனை பேருக்கும் தெரியும். ஆரின் ட்வெட். கேள்விப்பட்டிருக்கியா? பாத்தியா, உங்க முதலாளியும் சொல்லியிருக்காரு. ராத்திரி ஹீட்டர் நின்னு போச்சா, ஆரினைக் கூப்பிடுன்னு சொன்ன காலம் அது. அவரு வீட்டு ஹீட்டரையே இன்னொருத்தன் வந்து பிரிச்சான்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடும். அதான். வேற ஒண்ணுமில்ல.

என்ன கோளாறுன்னா, ஃபேன் ஓடுது. நல்லாவே ஓடுது. ஆனா தீ பிடிக்கல. ஜில்லுன்னு காத்தை ஊதிட்டு அப்படியே நின்னு போயிடுது. அவரு ஒரு வரிசை சொல்வாரு தம்பி. முதல்ல ஃபேன், அப்புறம் தகடு, அப்புறம் பொறி, அப்புறம் தீ. ஃபேன் சுத்துனா அந்தக் காத்துல குட்டித் தகடு திரும்பணும். அது திரும்புனாத்தான் டிக்டிக்டிக்னு பொறி. பொறி வந்தாத்தான் கேஸு, தீ. எது நின்னு போச்சோ அதுக்கு முன்னாடி இருக்கறதைப் பாரு, பின்னாடி இருக்கறதைப் பாக்காதன்னு சொல்வாரு. கல்யாணமான புதுசுல படுக்கையில கூட இதையே பேசிட்டிருப்பாரு. யோவ், நான் என்ன உன்கிட்ட வேலை கத்துக்கவா வந்தேன்னு கேப்பேன்.

பேட்டரியா? பாரு, பாரு. மீட்டர் வச்சே பாரு. நல்லா இருக்கும். பேட்டரி இறங்கிப் போனா ஃபேன் மெதுவா ஓடும், தகடு திரும்பாது. அது இல்லன்னு எனக்கே தெரியும். சத்தத்துலயே தெரியும் எனக்கு.

குளவிக் கூடா? வெளிய புகைக் குழாயில? அதுவும் இல்லப்பா. கேஸ் வாடைக்குக் குளவி வந்து மண்ணை அப்பிடும்னு வருஷா வருஷம் கோடையில அவரே குச்சியை விட்டு நோண்டுவாரு. இந்த வருஷம் நான் நோண்டுனேன்.

நீ சிரிக்கிற. சரியான கிழவிடா இதுன்னு நினைக்கிற. எல்லாம் தெரிஞ்ச பொம்பளை எதுக்கு அத்தனை தூரத்துலேருந்து என்னைக் கூப்பிட்டான்னு நினைக்கிற. இங்கயே டவுன்ல ஒருத்தன் இருக்கான். அவன் போன வாரம் வந்தான். பாத்தான், சரி பண்ணான், போனான். மறுநாள் திரும்பவும் நின்னு போச்சு. கூப்பிட்டேன், வந்தான். அதுக்கு மறுநாள் திரும்பவும். மூணாவது தடவை ஃபோன்லயே கத்திட்டான், அம்மா, உங்க வீட்டுல யாரோ விளையாடுறாங்க, நான் வர மாட்டேன்னு. விளையாட்டாம். இந்தக் குளிருல.

இன்னிக்கு சாயங்காலம் புயல் வருதாம், கேட்டியா? ரேடியோவுல காலையிலேருந்து அதேதான். மைனஸ் முப்பது வரைக்கும் போகுமாம். மூலையில அந்தக் கரண்ட் ஹீட்டர் இருக்கு பாரு, அதை வச்சுத்தான் ஓட்டறேன். அதையும் காபி மெஷினையும் சேத்துப் போட்டா கரண்ட் போயிடும். நேத்து சிங்க்குக்குக் கீழ தண்ணிக் குழாய் உறைஞ்சு, முடி காய வைக்கற மெஷினைப் பிடிச்சுக்கிட்டு முட்டி போட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்கு இது ஓடலன்னா நாங்க ரெண்டு பேரும் நாளைக்குக் காலையில மரக்கட்டைதான். அதை மட்டும் நீ மனசுல வச்சுக்கோ.

தெக்கயா? போயிருக்கணும்தான். பாத்தியே, வண்டிங்க நிக்கற இந்த இடமே காலி. முதல் பனி விழுந்ததும் ட்வைட்டைத் தவிர எல்லாரும் கொடி, நாற்காலி, நாய்க்குட்டியெல்லாம் சுருட்டிக்கிட்டு அரிசோனாவுக்குப் போயிட்டாங்க. வருஷா வருஷம் நாங்கதான் முதல்ல கிளம்புவோம். இந்த வருஷம்... வண்டி சரியில்ல. எஞ்சின் இல்ல, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அவரு இப்ப ஓட்டறதில்ல. நானா? இவ்வளவு நீள வண்டியை நான் ஓட்டுனா வழியில இருக்கற பெட்ரோல் பங்க்கெல்லாம் காலி. நிறுத்தறதுக்குப் பின்னாடி நின்னு கை காட்டறதுதான் என் வேலை. இத்தனை வருஷமா அவரு ஓட்டுவாரு, நான் கை காட்டுவேன், ரெண்டு பேரும் சண்டை போடுவோம். இந்த இடத்துல வந்து நிறுத்துனப்ப கூட, அடியே மேவிஸ், நீ கை காட்டறியா, கொசு ஓட்டறியான்னு ஊரே கேக்கக் கத்துனாரு.

இந்தா காபி. சர்க்கரை போட்டிருக்கேன், கேக்காமயே.

என்னது, ஒயரா? எந்த ஒயரு? ஓ, அதுவா. கழண்டிருக்கா? தகட்டுக்குப் போற ஒயரா? அப்ப அதான் கோளாறு, பாத்தியா, வந்தவுடனே கண்டுபிடிச்சுட்ட. எலியா இருக்கும். இந்த இடத்துல எலி ஜாஸ்தி. குளிருக்கு உள்ள வந்துடுது. பல்லு பட்ட தடம் இல்லியா? அப்ப வண்டி ஆடி ஆடிக் கழண்டிருக்கும். வண்டி எங்கயும் போகலதான், நின்ன இடத்துலயே நிக்குதுதான். காத்தடிச்சாலும் ஆடுமே. நீ என்னப்பா போலீஸ் மாதிரி கேக்குற? மாட்டிவிடேன்.

சிரிப்பு வருது எனக்கு. ஹீட்டரைத் தலைகீழாப் படுத்துக்கிட்டு நீ பாக்கறதைப் பாத்தா அப்படியே அவரு மாதிரியே இருக்கு. அவரை முதல்ல பாத்ததே இப்படித்தான் தெரியுமா? முகத்தைப் பாக்கல, ஷூவோட அடியைத்தான் பாத்தேன். எனக்கு முதல்ல ஒரு புருஷன் இருந்தான், அந்தக் கதை வேணாம், ஒரு ஓட்டை ட்ரெய்லரை எனக்கு விட்டுட்டு அவன் போய்ச் சேந்தான். அந்த ட்ரெய்லர்ல ஹீட்டர் நின்னு போச்சு. யாரோ ஆரினைக் கூப்பிட்டு விட்டாங்க. வந்தாரு. படுத்தாரு. கழட்டுனாரு, மாட்டுனாரு. எழுந்தாரு, அம்மா ஓடுதுன்னாரு, கையைக் கழுவிட்டுப் போயிட்டாரு. நான் கூட நினைச்சேன், என்னடா இவன், ஆப்பிள் பை சுட்டு வச்சிருக்கேன், வாசம் வருது, ஒரு துண்டு கேப்போம்னு கூடத் தோணலையான்னு.

அன்னிக்கு ராத்திரி ஹீட்டர் நல்லா ஓடுது. சூடு வருது. ஆனா அடுப்படிக்குக் கீழ கிணுகிணுகிணுன்னு ஒரு சத்தம். ஹீட்டர் ஓடுறப்பெல்லாம் அந்தச் சத்தம். தூக்கமே போச்சு. மறுநாள் கூப்பிட்டேன். வந்தாரு, தலையைச் சொறிஞ்சாரு, இது தீவிரமான விஷயம்மா, தேடணும்னாரு. தரையில தவழ்ந்து தவழ்ந்து தேடுனாரு. சாயங்காலம் வரைக்கும் தேடுனாரு. பை தின்னாரு. கிடைக்கலம்மா, நாளைக்கு வரேன்னு போயிட்டாரு. மறுநாளும் வந்தாரு. அதுக்கு மறுநாளும். அந்தச் சத்தத்தைத் தேடித் தேடியே என் பையெல்லாம் தின்னு தீத்தாரு. கல்யாணம் முடிஞ்சு முத வேலையா அந்த அடுப்படித் தரையில இருக்கற சூட்டுக் காத்து வர்ற கம்பி ஜாலியைத் தூக்குனாரு, உள்ள கையை விட்டாரு, ஒரு வாஷரை எடுத்து என் கையில குடுத்தாரு. முத நாளே அவரே அதை மெல்லிசு கம்பியில கட்டித் தொங்க விட்டிருந்தாருப்பா! காத்து வர்றப்ப ஆடி ஆடித் தகரக் குழாயில தட்டுற மாதிரி. திருட்டு நாயே, இதுக்காடா நான் தூங்காம கிடந்தேன்னு அதே வாஷரை அவரு மேலயே விட்டெறிஞ்சேன். நெத்தியில பட்டு ரத்தமே வந்துடுச்சு. இப்பவும் தழும்பு இருக்கு.

ஆமா, ஆளு அப்படித்தான். கல்லுளி மங்கன்.

மாட்டிட்டியா? சரி, போடு. சுவத்துல அந்தச் சூட்டு ஸ்விட்சை மேல தள்ளு. ம்... ஃபேன். இப்ப தகடு. டிக்டிக்டிக்... வந்துடுச்சு. வந்துடுச்சு தம்பி. அந்த வ்வூஃப்னு ஒரு சத்தம் வந்துச்சே, அதுக்கு மேல உலகத்துல ஒரு நல்ல சத்தம் கிடையாது. ஜாலி மேல கையை வச்சுப் பாரு. எவ்வளவு நாளாச்சு. என் கால் விரலுக்கு உயிர் வருது.

நல்ல வேலைக்காரன்ப்பா நீ.

சரி, இப்ப நிறுத்திடு.

நிறுத்துன்னேன் தம்பி. ஆமா, நிஜமாத்தான். அதை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் இந்த நாற்காலியில உக்காரு. உக்காருப்பா. மூட்டை கட்டாத. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் வந்ததுலேருந்து கண்டதையும் பேசிட்டிருக்கேன்.

அந்த ஒயரைப் பிடுங்குனது எலி இல்ல. நான்தான்.

ஆமா, டவுன்காரன் மாட்டுனதையும் நான்தான் பிடுங்குனேன். தினமும் நான்தான். பைத்தியம்னு நினைச்சுக்கோ, பரவால்ல, இப்போதைக்கு இந்த வீட்டுல பைத்தியம் நான் இல்ல. அப்படிச் சொல்லக் கூடாது. வாயில வந்துடுது.

வாசல்ல பேர்ப்பலகை பாத்தியா? மரத்துல செதுக்கித் தொங்குதே, எல்லார் வண்டி முன்னாடியும் இருக்குமே, ஆரின், மேவிஸ்னு. அவரே செதுக்குனது. இலையுதிர் காலத்துல ஒருநாள் அதுக்கு முன்னாடி நின்னு ரொம்ப நேரம் படிச்சிட்டிருந்தாரு. உள்ள வந்து, இந்த ஆரின்ங்கறவரு எனக்குத் தெரிஞ்சவரு மாதிரி இருக்கும்மா, எங்க அவரைக் காணோம்னு கேட்டாரு. விளையாடுறாருன்னு நினைச்சேன். அந்த ஆளுக்கு விளையாட்டு அதிகமாச்சே. போய்யா, போய் முகத்தைக் கழுவுன்னேன். முகத்தைப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. விளையாடல.

முன்னாடியே சாவியை எங்கயோ வைக்கறது, சொன்னதையே சொல்றதெல்லாம் இருந்துச்சு. டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பேரும் வச்சாரு. வயசானா வர்றதுதான்னு விட்டுட்டோம். ஆனா அன்னிக்குலேருந்து நான் யாருன்னு அவருக்குத் தெரியல. கெட்டவளா நினைக்கல. மரியாதையாத்தான் பேசுறாரு. அதுதான் தாங்க முடியல. வாய் நிறைய அடியே அடியேன்னு கூப்பிட்ட மனுஷன், என்னைப் பாத்து, நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்ங்கறாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் அவரு இங்க வேலைக்கு வந்திருக்காரு. ஹீட்டர் ரிப்பேருக்கு. ஹீட்டர் மட்டும் மறக்கல, பாத்துக்கோ. ஃபேன், தகடு, பொறி, தீ. ஒரு எழுத்து மாறல.

பனி விழுந்த புதுசுல ஒருநாள் நிஜமாவே ஹீட்டர் நின்னு போயிருந்துச்சு. பிரிச்சாரு, சரி பண்ணாரு, தீ பிடிச்சுது. கையைக் கழுவுனாரு. ஜாக்கெட்டை மாட்டுனாரு. இனிமே ஒண்ணும் ஆகாதும்மா, நான் கிளம்பறேன், வீட்ல என் பெஞ்சாதி காத்துக்கிட்டிருப்பான்னாரு.

ஆமா. அப்படித்தான் சொன்னாரு.

நான்தான்யா உன் பெஞ்சாதின்னேன். சிரிச்சாரு. கூச்சப்பட்டுச் சிரிச்சாரு, வேத்துப் பொம்பளை அப்படிச் சொன்னா ஒரு நல்ல ஆம்பளை எப்படிச் சிரிப்பானோ அப்படி. கையைக் குலுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. நான் ஷூ போட்டு இறங்குறதுக்குள்ள இருட்டுல ஆளைக் காணோம். கத்துறேன், காத்துல என் குரல் எனக்கே கேக்கல. ட்வைட் லாரியை எடுத்துக்கிட்டுப் போயி நெடுஞ்சாலையில, தானியக் கிடங்கைத் தாண்டி, பிடிச்சான். நடந்துக்கிட்டே இருந்தாராம். எங்க போறீங்கன்னு கேட்டா, வீட்டுக்குன்னாராம். குளிருல கால்ல ரெண்டு விரல் கறுத்துப் போச்சு. இப்பவும் கட்டுப் போட்டிருக்கேன். டாக்டர் சொன்னாரு, இன்னொரு தடவை இப்படின்னா விரலோட போகாதுன்னு.

பூட்டினேன் தம்பி, பூட்டாம இருப்பேனா. மறுநாள் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டேன். கதவை இழுத்துப் பாத்தாரு. என்னைத் திரும்பிப் பாத்தாரு. வேலைக்கு வந்த வீட்டுல யாரோ ஒரு கிழவி உள்ள வச்சுப் பூட்டிட்டா எப்படி இருக்கும்? பயந்துட்டாரு. அம்மா, நான் உங்களுக்கு ஒரு கெடுதியும் பண்ணலையே, என்னை விட்டுடுங்கன்னு கதவுல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாரு. யாருக்கும் பயப்படாத மனுஷன். என்னால அந்த முகத்தைப் பாக்க முடியல, திறந்துட்டேன். திறந்துட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம, சார், போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், ஹீட்டர் திரும்ப நின்னு போச்சுன்னு சொல்லிட்டேன். வாய்ல வந்ததைச் சொன்னேன். ஜாக்கெட்டைக் கழட்டிட்டாரு! அப்படியா, பாப்போம்மான்னு பையைத் திறந்து உக்காந்துட்டாரு. அவரு டார்ச்சைத் தேடுற நேரத்துல நான் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினேன்.

அதுலேருந்து இப்படித்தான் ஓடுது. குளிரு தாங்காம டவுன்காரனைக் கூப்பிட்டப்பவும் அப்படித்தான், தீ வந்ததும் இவரு கிளம்பப் பாத்தாரு, நான் பிடுங்கிட்டேன். சாயங்காலம் அவரு கையைக் கழுவப் போவாரு, நான் ஒயரைப் பிடுங்குவேன். வந்து பாப்பாரு, ஃபேன் ஓடும், தீ வராது. இன்னிக்கு ஆகாது போலம்மா, நாளைக்குப் பாத்துடலாம், உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா இந்த சோபாவுல படுத்துக்கறேன்ம்பாரு. தொந்தரவா! போர்வை குடுப்பேன். படுத்துக்குவாரு. நான் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு அவரு குறட்டையைக் கேட்டுக்கிட்டிருப்பேன். குறட்டை மாறல.

ஆனா தம்பி, இன்னிக்கு அப்படி முடியாது. புயல். தீ இல்லாம இன்னிக்கு ராத்திரி தாண்ட மாட்டோம். தீ வந்தா அவரு கிளம்பிடுவாரு. இப்ப புரியுதா உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு?

கேஸா? பயம் இருக்குப்பா, இல்லாம இருக்குமா. அவரு பலகையைத் தூக்குறதுக்கு முன்னாடியே வெளிய போய் சிலிண்டரை மூடிட்டு வந்துடுவேன், ஒருநாளும் தவறல. ஆனாலும் நேத்து எங்கயோ ஒரு ஸ்க்ரூவைப் போடாம விட்டுட்டாரு. கை பழைய கை இல்ல. நீ சொல்றது சரிதான், இனிமே அவரு ஹீட்டரைத் தொடவே கூடாது.

ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடமா? என் தங்கச்சியும் அதைத்தான் சொல்றா. பில்லிங்ஸ் ஊர்ல ஒண்ணு இருக்கு, போய்ப் பாத்தேன், சுத்தமா இருக்கு, வாசல்ல நம்பர் அமுக்குற பூட்டு. அந்தப் பூட்டுக்கு முன்னாடியும் அவரு அதே மாதிரி நிக்கறது என் கண்ணுல வந்துச்சு. ஒருநாள் போகணும்தான். எனக்குத் தெரியும். வசந்தம் வரட்டும், ரோடு திறக்கட்டும், பாப்போம். இன்னிக்குப் புயலைத் தாண்டணும், எனக்கு இப்போதைக்கு அவ்வளவுதான் வேணும்.

அதனால ரெண்டு வேலை பண்ணிக் குடு. அந்த ஒயரை என் கைக்கும் வராத மாதிரி இறுக்கி மாட்டு. மேல அந்த மூடிக்கு, அவரு பையில இல்லாத மாதிரி ஏதாவது ஸ்க்ரூ போடு. நட்சத்திரத் தலை ஸ்க்ரூவா? அதுக்கு அவருகிட்ட திருப்புளி இல்ல, அதையே போடு. தீ எரியணும், ராத்திரி முழுக்க எரியணும், யாராலயும் அதை நிறுத்த முடியக் கூடாது.

அப்புறம் உன் டப்பாவுலேருந்து ஒரு வாஷர் குடு. பெருசா. மெல்லிசு கம்பியும் கொஞ்சம்.

ஆ, புரிஞ்சுடுச்சு உனக்கு. சிரி, சிரி. நானும் நேத்துக் குழாய் முன்னாடி முட்டி போட்டு உக்காந்திருந்தப்பதான் தோணுச்சு, தனியா சிரிச்சேன். அந்த ஜாலியைத் தூக்கு, அடுப்படிக்குக் கீழ இருக்கறது. இன்னும் உள்ள தள்ளிக் கட்டு. காத்து பட்டா ஆடணும், தகரத்துல தட்டணும். தீ எரியுதுன்னா ஹீட்டர் மேல கையை வைக்காத, சத்தம் தகரத்துலதான்னு அவரே சொல்வாரு. தரையில தவழ்ந்து தேடட்டும். தேடட்டும், தேடட்டும். கண்டுபிடிச்சுட்டாருன்னா? கண்டுபிடிக்கட்டுமே. இந்த வண்டியில ஆறு ஜாலி இருக்கு. அவரு தூங்குறப்ப இன்னொண்ணுல கட்டிடுவேன். யாருகிட்டப்பா கத்துக்கிட்டேன் இதை!

போடு இப்ப. ஃபேன்... தகடு... பொறி... ம், தீ. இரு, பேசாத. கேளு.

கேக்குதா? கிணுகிணுகிணுன்னு.

இல்ல, ஒண்ணுமில்ல. அழலப்பா. இந்தச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப வருஷமாச்சு, அவ்வளவுதான். மூக்கைத் துடைச்சுக்கறேன், இரு.

லாரிச் சத்தம். ட்வைட்தான். பாழாப்போனவன், இன்னும் அஞ்சு நிமிஷம் இழுக்கத் தெரியல அவனுக்கு. நீ ஓட வேணாம், இனிமே ஓடுனா அசிங்கம். நாற்காலியிலயே இரு. யாருன்னு கேட்டாருன்னா, நான்தான் முதல்ல வந்து பாத்தேன், எனக்குத் தீ பிடிக்க வைக்கத் தெரிஞ்சுது, இந்தச் சத்தம் மட்டும் எனக்கு முடியல, அதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்னு சொல்லு. ஐயான்னு கூப்பிடு. அவருக்குப் பிடிக்கும். நெத்தியில தழும்பைப் பாக்காத, பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்.

வாங்க சார். படி வழுக்கும், பாத்து. ஆமா, ட்வைட் சொன்னாரா, நான்தான் கூப்பிட்டு விட்டேன். உள்ள வாங்க, சூடா இருக்கா? தீயெல்லாம் நல்லா எரியுது சார், இந்தத் தம்பி பாத்துக் குடுத்துட்டாரு. அந்தச் சத்தம்தான் இன்னும் நிக்கல. கேளுங்க. கேக்குதா? ஆமா, அடுப்படிக்குக் கீழத்தான் எனக்கும் தோணுது. தேடணுமா? தேடுங்க, தேடுங்க, எனக்கு ஒரு அவசரமும் இல்ல. ஜாக்கெட்டைக் குடுங்க, நான் மாட்டி வைக்கறேன். பை இருக்கு, ஆப்பிள் பை, சாப்பிட்டுட்டே பாக்கலாம். வீட்லயா? உங்க பெஞ்சாதியா? காத்துக்கிட்டுதான் இருப்பாங்க சார். எவ்வளவு நேரமானாலும் இருப்பாங்க, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எனக்கு அவங்களை நல்லாத் தெரியும்.